பௌர்ணமிக்காகக் காத்திருந்த பத்து மூட்டை மல்லி

இந்தப் பயணத்தில் கோயில் இல்லை, அருவி இல்லை, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு மரம்கூட இல்லை. நரிக்குடியிலிருந்து அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து பந்தல்குடி போய், திரும்பவும் அருப்புக்கோட்டை வந்து, லோடு ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார்ந்து வீடு திரும்பினேன். அவ்வளவுதான். ஆனால் மொத்தக் கடையில் ஆர்டர் போட்டுவிட்டு, "சரக்கு எப்ப வரும், எப்ப வரும்" என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சின்னக் கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கடைசி வரை படியுங்கள். நடுநடுவே திட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரிக்குடியில் எனக்கு விதைக்கடை. விதை, உரம், மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், அவ்வளவுதான் வியாபாரம். தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் அருப்புக்கோட்டை மொத்தக் கடைக்குப் போன் போட்டு, பத்து மூட்டை கொத்தமல்லி விதை கேட்டேன். "நாளைக்கு ஏத்தி விட்டுர்றேங்க்கா" என்றார்கள். அன்று சாயங்காலமே செல்போனுக்குச் செய்தியும் வந்தது: "உங்கள் ஆர்டர் தயார்." பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் குறி. அடடா, நம்ம அருப்புக்கோட்டையும் இவ்வளவு வேகமா என்று நினைத்தேன். பிறகு "தீபாவளிக் கூட்டம்க்கா" என்றார்கள். பிறகு "லோடுமேன் ஊருக்குப் போயிட்டாங்க்கா". பிறகு மறுபடியும் "நாளைக்கு". கந்த சஷ்டியும் முடிந்துவிட்டது, அந்த நாளை மட்டும் வரவே இல்லை.

இதற்கு நடுவில் மழை வந்துவிட்டது. எங்கள் பக்கம் மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஐப்பசியில் இரண்டு நாள் நின்று பெய்தால் அது பெரிய பாக்கியம். பெய்து முடித்து வெயில் வந்தால் மானாவாரி நிலத்தில் ஈரம் ஒரு வாரம் நிற்கும், அதிகம் போனால் இன்னும் ஓரிரு நாள். அதற்குள் மல்லி மண்ணுக்குள் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் அடுத்த மழைக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

என்னிடம் விதை சொல்லி வைத்தவர்களில் பாண்டியம்மாள் ஒருத்தி. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். இவள் இங்கே மேக்காடும் கீழ்க்காடுமாக மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு ஆட்டை விற்று உழுது போட்டிருந்தாள். நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் கறாரான ஆள். "இந்த வருசமும் தரிசாக் கெடந்தா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று அவளிடம் முன்பே சொல்லிவிட்டார். பக்கத்துக் காட்டில் வீட்டு விதை கிடைக்கும், வாங்கிக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோது, "அது பழைய விதை, முளைப்பு இருக்காது, நான் நல்லது தாரேன், விதை என் பொறுப்பு" என்று சொன்னவள் நான். அந்த வார்த்தைதான் என்னை அன்று காலையில் பஸ் ஏற்றியது.

நரிக்குடியில் காலை 6.40க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, இலவசம். திருச்சுழி வரைக்கும் முக்கால் மணி நேரம் ஆகிறது. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஏர் ஓடுகிறது, டிராக்டர் ஓடுகிறது, பொம்பளைகள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். யாரிடமோ விதை இருக்கிறது, என்னிடம்தான் இல்லை.

கண்டக்டர் எனக்குத் தெரிந்த பையன். "என்னக்கா, மூஞ்சி கடுகடுன்னு இருக்கு?" என்றான்.

"அருப்புக்கோட்டைக்குச் சண்டைக்குப் போறேன்."

"அப்ப சாப்பிட்டுட்டுப் போங்கக்கா. வெறும் வயித்துல சண்டை போட்டா மயக்கம் வரும்."

நல்ல யோசனைதான். திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான்கு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, 65 ரூபாய். சாம்பார் குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட கையோடு லாரி செட்டுக்குப் போனேன். அருப்புக்கோட்டையிலிருந்து எங்கள் பக்கம் வருகிற பார்சல் எல்லாம் அந்தச் செட்டில் இறங்கித்தான் மாறும். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க கடை பேருக்கு இந்த மாசம் பில்லே விழலையேக்கா."

அங்கே நின்றபடியே மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். நான் எப்போதும் பேசுவது அந்த ஒரு நம்பரில்தான். கதிரேசன் என்று பெயர், என்னைவிட இளையவர், தேன் மாதிரிப் பேசுவார்.

"யக்கா! லோடு நேத்தே கெளம்பிருச்சேக்கா. இந்நேரம் திருச்சுழி தாண்டிருக்கும்."

"தம்பி, நான் திருச்சுழி செட்டுக்குள்ளதேன் நிக்கிறேன்."

லைனில் ஒரு தடவை இருமினார். பிறகு, "யக்கா, சிக்னல் விட்டு விட்டுக் கேக்குதுக்கா..." அதோடு கட். அப்புறம் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. பொய் சொல்லட்டும், வியாபாரத்தில் ஆயிரம் பொய் இருக்கும். ஆனால் லாரி செட்டுக்குள் நிற்கிறவளிடமே லாரி போய்விட்டது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்! செட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பாண்டியம்மாள் கூப்பிட்டாள்.

"யக்கா, வந்துருச்சா?"

"எடுத்துக்கிட்டு வாரேன் பாண்டியம்மா. இன்னைக்கு வந்துரும்."

"வெயில் சுள்ளுனு அடிக்குதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அரை மணிக்கொரு பஸ் இருக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் இறங்கிவிட்டேன். கடைத்தெருவில் லாரி, தள்ளுவண்டி, நூல் பொதி ஏற்றின ஆட்டோ எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடிக்காதீர்கள். நடந்தால் பத்து நிமிடம், ஆட்டோவில் போனால் இருபது.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள், வேறு கடையில் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று. கேட்டேன். போகிற வழியில் இரண்டு கடை ஏறினேன். "மழை பெஞ்ச அன்னைக்கே தீந்துருச்சு தாயி" என்றார்கள். எல்லா ஊருக்கும் ஒரே மழைதானே.

மொத்தக் கடை பளபளவென்று இருந்தது. போன வருஷம் பார்த்ததற்கு இப்போது கண்ணாடிக் கதவு, பில் போடுகிற கம்ப்யூட்டர், மூட்டைக்கு மூட்டை கோடுகோடாக ஸ்டிக்கர். கல்லாவில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கதிரேசனுக்கு அண்ணன், சங்கரலிங்கம். விபூதிப் பட்டையும் வெள்ளைச் சட்டையுமாக நல்ல மரியாதைக்காரர்.

"வாங்க தாயி. எந்த ஊரு?"

"நரிக்குடி, அண்ணாச்சி. பத்து மூட்டை மல்லி ஆர்டர் போட்டு ரெண்டு வாரமாகப் போகுது."

கம்ப்யூட்டரில் தேடினார். "நம்மகிட்ட அப்படி ஒரு ஆர்டர் இல்லையே" என்றார். செல்போனில் வந்திருந்த பச்சை டிக்கைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இது தம்பி நம்பராச்சே. அது தேய்பிறை ஆர்டரு."

என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். "என்ன பிறை?"

அவர் பொறுமையாகச் சொன்னார். அவருடைய அய்யா கண்மூடுவதற்கு முன்பு கடையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதனால் கடை ஒன்று, முறை இரண்டு. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை அண்ணன் முறை. பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை தம்பி முறை. வளர்பிறை வியாபாரம் அண்ணனுக்கு, தேய்பிறை வியாபாரம் தம்பிக்கு. சரக்கும் தனித்தனி, கம்ப்யூட்டரில்கூட ஆளுக்கொரு ரகசிய எண். நான் ஆர்டர் போட்டது தீபாவளி அமாவாசைக்கு முன்னால், தம்பியின் முறை முடிகிற தறுவாயில். அவர் கட்டி வைத்து அனுப்புவதற்குள் அமாவாசை வந்துவிட்டது. கடை கைமாறிவிட்டது.

"அப்ப நீங்க அனுப்ப வேண்டியதுதானே அண்ணாச்சி?"

"அவன் எங்கிட்டச் சொல்லணும்ல? நாங்க பேசிக்கிறதில்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே அடித்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக இந்தக் கடையில் சரக்கு எடுக்கிறேன். ஒரு தடவை மறுநாளே வரும். ஒரு தடவை பதினைந்து நாள் ஆகும். நான் லாரிக்காரனைத் திட்டியிருக்கிறேன், ரோட்டைத் திட்டியிருக்கிறேன், என் ஜாதகத்தைக்கூடத் திட்டியிருக்கிறேன். ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா என்று சும்மா வாய் வார்த்தையாகச் சொல்வோமே, இங்கே உண்மையாகவே அமாவாசை பார்த்துத்தான் சரக்கு அனுப்பியிருக்கிறார்கள்!

"சரக்கு வைக்கிற கிட்டங்கியாவது பாக்கலாமா?" என்றேன். கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். நீளமான பழைய கிட்டங்கி, அந்தக் காலத்துப் பருத்திக் கிட்டங்கி. நடுவில் கம்பி வலை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் அண்ணன் சரக்கு. வலைக்கு அந்தப் பக்கம் தம்பி சரக்கு, வலைக்கதவில் பெரிய பூட்டு. பூட்டுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து மூட்டை. ஒவ்வொன்றிலும் நீல மையில் கொட்டை எழுத்தில் "நரிக்குடி".

ஆர்டர் போட்ட அன்றே கட்டியிருக்கிறார்கள். எடை போட்டு, தைத்து, பேர் எழுதி, பச்சை டிக்கும் அனுப்பிவிட்டு, அப்படியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மழை பெய்தபோதும் அந்த மூட்டைகள் அங்கேதான் இருந்திருக்கின்றன. எனக்கு வந்த கோபத்தில் வலையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். தூசிதான் கொட்டியது.

"சாவி அவன்கிட்டதேன்" என்றார் பெரியவர். "பந்தல்குடியில இருப்பான். அவனுக்கு முறை இல்லாத நாளைக்கு அங்ஙன தார்ப்பாய்க் கடை."

பந்தல்குடி பன்னிரண்டு கிலோமீட்டர், தூத்துக்குடி ரோட்டில். பஸ்ஸுக்கு நின்றால் நேரமாகும் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன், 30 ரூபாய். ரோடெல்லாம் லாரி. தூத்துக்குடியிலிருந்து கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கிறது. எந்த நாட்டிலிருந்தோ புறப்பட்ட சரக்கு கடலைத் தாண்டி வந்து நிற்காமல் ஓடுகிறது. என் மூட்டைக்கு ஒரு கம்பி வலையைத் தாண்ட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் யார் என்றே எனக்குத் தெரியாது. "நல்லாக் கேளுங்க, விடாதீக" என்று எனக்குத் தெம்பு சொல்லிவிட்டு இறங்கினார்.

கதிரேசன் தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் மட்டும் உடனே திறந்துகொண்டது.

"யக்கா, வாங்க வாங்க! இம்புட்டு வெயில்ல ஏங்க்கா? ஒரு போன் போட்டா..."

"போனா? வாயில நல்லா வந்துரும் தம்பி. லோடு திருச்சுழி தாண்டிருச்சுன்னு சொன்னீகளே, எந்தத் திருச்சுழி? கைலாசத்துல இருக்கிற திருச்சுழியா?"

கடையில் நாலைந்து லாரி டிரைவர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று குரலை இன்னும் ஏற்றினேன். அவர் என்னை ஓரமாக அழைத்துப்போய், ஏதோ எனக்கு உபகாரம் செய்தவர் மாதிரிப் பேச ஆரம்பித்தார். "இருக்கிறதுலயே நல்ல வெதையா உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேங்க்கா. பேரெல்லாம் எழுதிட்டேன். எட்டு நாளு பொறுத்துக்கங்க. பௌர்ணமி கழிஞ்ச அன்னைக்கு மொத லோடு உங்க லோடுதேன்."

"எட்டு நாள்ல ஈரம் காஞ்சு மண்ணு பொரியும். சாவியக் குடுங்க. அண்ணாச்சி முறையிலயே எடுத்துக்கிட்டுப் போறேன்."

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. "அய்யோ யக்கா, அது முடியாது. எவன் முறையில சரக்கு வாசப்படி தாண்டுதோ, அந்த ஊரு அவனுக்குன்னு எங்க அய்யா சொல்லிருக்காரு. இப்ப மூட்டை வெளிய போச்சுன்னா நரிக்குடி அண்ணனுக்குப் போயிரும். நரிக்குடி எந் தொழில்ல பாதிக்கா."

இத்தனை நாளாகப் பத்து மூட்டை உறங்கியதற்குக் காரணம் இதுதான். லாரி கிடைக்காமல் இல்லை, ஆள் கிடைக்காமல் இல்லை. என் ஊர் யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது.

"நரிக்குடி என்ன உங்க அய்யா வாங்கிப் போட்ட மனையா? அடுத்த மழைக்குப் போடுங்கங்குறீகளா? வானத்தையும் வளர்பிறை தேய்பிறைன்னு பிரிச்சு எழுதி வச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, பாண்டியம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். "பாண்டியம்மா, இந்தா விதைக்காரர் இருக்காரு. எட்டு நாள் ஆகும்னு சொல்றாரு. நீயே பேசு."

காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது. "அய்யா, நான் காட்டுலதேன் நிக்கிறேன். மேக்காட்டுல கட்டி வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. இந்த வருசம் வெதைக்கலைன்னா காட்டப் புடுங்கிருவாகய்யா. ஒங்க முறையெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா."

டிரைவர்களில் ஒருவர், "ஏலே, அந்தப் பொம்பளைக்கு அனுப்பித் தொலைய்யா" என்றார். கதிரேசன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினார். பின்னால் நான் உட்கார்ந்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து திட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது, முன்னால் இருக்கிறவரால் எழுந்து போக முடியாது. பன்னிரண்டு கிலோமீட்டரும் விடாமல் திட்டினேன்.

அருப்புக்கோட்டையில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. தம்பி கடைக்குள் வரமாட்டார், முறை இல்லாத நாளில் வாசல் மிதிக்கக் கூடாதாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை நிழலில் நின்றுகொண்டார். அண்ணன் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். நடுரோட்டில் நான்.

"சாவியைக் குடுக்கிறேன், ஆனா நரிக்குடி என் கணக்குன்னு அவருகிட்டச் சொல்லுங்கக்கா."

"மூட்டை என் வாசப்படி தாண்டுனா என் பில்லுதேன்னு அவன்கிட்டச் சொல்லுங்க தாயி."

இரண்டு பேருக்கும் நடுவில் இருபதடி தூரம். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு நன்றாகக் கேட்கிறது. இருந்தாலும் நான்தான் போய்ப் போய்ச் சொல்ல வேண்டும். மூன்று தடவை ரோட்டைக் கடந்தேன். மூன்றாவது தடவை ஒரு தள்ளுவண்டி காலில் ஏறிவிட்டது. வலியில் போட்ட கூச்சலோடு சேர்த்து எல்லாவற்றையும் கத்திவிட்டேன். "ரெண்டு பேரும் கேளுங்க! இன்னும் கொஞ்ச நேரத்துல மூட்டை வரலைன்னா இந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னாடி உக்காந்து ஒப்பாரி வைப்பேன். உங்க அய்யா பேரைச் சொல்லித்தேன் வைப்பேன்!"

கடைத்தெருவே நின்று பார்த்தது. பெரியவர் மெல்ல, "அய்யா பேச்ச மீற முடியாதே தாயி" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "உங்க அய்யா என்ன சொன்னாரு? சரியாச் சொல்லுங்க. வாசப்படின்னுதானே சொன்னாரு?"

"ஆமா. வாசப்படிதேன்."

"ஜன்னல்னு சொன்னாரா?"

கிட்டங்கியின் பின்சுவரில் அந்தக் காலத்தில் பருத்திப் பொதி ஏற்றி இறக்க வைத்த பெரிய மரஜன்னல் ஒன்று இருந்தது. கம்பி கிடையாது. வண்டியின் தட்டு உயரத்தில், பின்னால் இருந்த சந்துப் பக்கமாகத் திறக்கும். அதுவும் தம்பி பக்கத்தில். காலையில் வலையைப் பிடித்து உலுக்கியபோதே பார்த்திருந்தேன். பெரியவர் வெகுநேரம் யோசித்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பியும் யோசிப்பது தெரிந்தது. கடைசியில் அண்ணன், "ஜன்னலப் பத்தி அய்யா ஒண்ணும் சொல்லல" என்றார். தம்பியும் எட்டத்தில் இருந்தே, "ஆமா, சொல்லல" என்றார். அன்று அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

சாவியை நான் வாங்கிப் போய் வலைக்கதவைத் திறந்தேன். லோடுமேன் இரண்டு பேர் ஜன்னலைத் தள்ளித் திறந்தார்கள். சந்தில் நின்ற லோடு ஆட்டோவில் பத்து மூட்டையும் ஏறியது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது.

லோடு ஆட்டோவுக்கு நரிக்குடி வரை 1,700 ரூபாய், ஏற்றுகூலி தனியாக 200. ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். டிரைவர் நிதானமான ஆள். "எதுக்கு இம்புட்டு அவசரம்?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் திருச்சுழியில் டீக்குக்கூட நிறுத்தவில்லை. நான்கு மணிக்கு முன்னால் பாண்டியம்மாள் காட்டு ஓரத்தில் வண்டி நின்றது.

அவள் மூட்டையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக மேக்காட்டுக்குக் கூட்டிப் போய்க் குத்தவைத்து விரலால் மண்ணைத் தோண்டினாள். மேலே பொடி. அதற்குக் கீழும் பொடி. விரல் முழுக்க உள்ளே போனபின்தான் மண் ஒட்டியது.

"முந்தாநாத்து வந்திருந்தா இதுலயும் போட்டிருக்கலாங்க்கா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

கீழ்க்காட்டில் ஈரம் மிச்சம் இருந்தது. மல்லியை அப்படியே விதைக்க முடியாது. ஒரு மணியை இரண்டாக உடைத்துத்தான் விதைக்க வேண்டும். களத்தில் கொட்டி, பலகையை வைத்துத் தேய்த்து நானும் அவளோடு உட்கார்ந்து உடைத்தேன். மற்றவர்களும் வந்து தங்கள் பங்கை எடுத்துப் போனார்கள். மறுநாள் காலையில் கீழ்க்காடு ஒன்றரை ஏக்கரும் விதைத்து முடித்தாள். மேக்காட்டுக்கு எடுத்து வைத்த விதையை மடியிலேயே வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அடுத்த மழை கார்த்திகை முடிகிற நேரத்தில்தான் வந்தது. அப்போது மல்லிக்குப் பருவம் போய்விட்டது. காட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. மேக்காட்டை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

மூட்டை வந்த அடுத்த வாரமே அண்ணனும் தம்பியும் தனித்தனியாக எனக்குப் போன் செய்தார்கள். சரக்கு நல்லா இருந்துச்சா என்று விசாரிக்க அல்ல. ஜன்னல் வழியாகப் போன சரக்கில் நரிக்குடி யார் கணக்கு என்று நான் சொல்ல வேண்டுமாம். இருவருக்கும் நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது, குழந்தைகளும் படிப்பார்கள்.

இனி அருப்புக்கோட்டைப் பக்கம் சரக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு. ஆர்டர் போடுவதற்கு முன்னால் விலை கேளுங்கள், தரம் கேளுங்கள், ஆனால் முதலில் "இப்ப யாரு முறை?" என்று கேளுங்கள். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்துகிற கடை என்றால் நிச்சயம் கேளுங்கள். இந்தக் கடை மாதிரிப் பிறை பார்க்கிற இடம் என்றால் ஒரு காலண்டர் வாங்கி வைத்து, முறை ஆரம்பிக்கிற நாளில் ஆர்டர் போடுங்கள், முடிகிற நாளில் போடாதீர்கள். "ஆர்டர் தயார்" என்று செய்தி வந்தால் சந்தோஷப்படாதீர்கள், லாரி செட்டு பில் நம்பரைக் கேளுங்கள். நம்பர் இல்லை என்றால் சரக்கு கிளம்பவில்லை என்று அர்த்தம். சரக்கை வேகமாக அனுப்ப என்று கம்ப்யூட்டர் வாங்குகிற மொத்தக் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மூட்டை ரோட்டில் ஓடுகிற நேரம் ஒன்றரை மணி. மிச்ச நாளெல்லாம் அது உங்கள் வீட்டுச் சண்டைக்குள்தான் கிடக்கிறது. அதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் கிடையாது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி பஸ்ஸில் வருகிறவர்கள் இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். கடைசி ஐந்து கிலோமீட்டரில் சீமைக்கருவேலம் விலகி ஒரு இடத்தில் வெட்டவெளி வரும். கீழ்க்காட்டில் மல்லி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதை ஒட்டி மேலே உழுத சால் அப்படியே தெரிய வெறுந்தரை கிடக்கும். நடுவில் கோடு போட்ட மாதிரி இருக்கும். அந்த அண்ணனையும் தம்பியையும் ஒரே சீட்டில் உட்காரவைத்து ஒரு நாள் அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது. அவர்கள் இரண்டு பேருக்கும் நானே எடுக்கிறேன்.